ஐம்பது வயது அம்பாசிடரும் 52-வது பிரிவும்

புது தில்லி: மேற்குத் தில்லியில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் பின்புறம், இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய குறுகலான சந்து ஒன்றில், தகரக் கூரை வேய்ந்த பட்டறை இருக்கிறது. அதன் கடைக்கோடியில், 1973 டிசம்பரில் பதிவு செய்யப்பட்ட அம்பாசிடர் மார்க்-2 கார் ஒன்று நிற்கிறது. அதன் என்ஜின் இயங்குகிறது, பிரேக் பிடிக்கிறது, விளக்குகள் எரிகின்றன. ஆனால், பட்டறை வாசலைத் தாண்டி அந்தக் கார் தில்லிச் சாலையில் இறங்க இன்றுவரை அனுமதி இல்லை.

பட்டறையின் உரிமையாளரான சீக்கியர், என் நண்பர். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் பழுதுபட்ட என் பழைய மாருதி 800 காரைத் தள்ளிக்கொண்டு அவரிடம் சென்றதில் தொடங்கிய பழக்கம் அது. நான் அவரை 'பாஜி' என்பேன். பஞ்சாபியில் அண்ணன் என்று பொருள். என்னை அவர் 'பத்ரகார் ஜி' என்பார். பத்திரிகைக்காரர் என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. மேற்படி அம்பாசிடர், அவருடைய காலஞ்சென்ற தந்தையின் கார். அதைப் பிரித்து, வேகமாகச் செல்லும் காராக மாற்றிக் கட்டுவது என்று 2018-ம் ஆண்டு குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். அந்த முடிவு எங்களை எங்கெங்கு கொண்டுபோய் நிறுத்தியது என்பதே இந்தக் கட்டுரை. ஒரு காரின் கதை என்றாலும், நாட்டில் பழைய வாகனங்களுக்கான சட்டம் எப்படி உருவாகிறது, அது யாரை எவ்விதம் தொடுகிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

தர்யாகஞ்சில் கிடைத்த ஆசை

ஆசை தொடங்கிய இடம் தர்யாகஞ்ச் நடைபாதை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய புத்தகச் சந்தை அங்கே கூடும். 2019-ல் அந்தச் சந்தை மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்கக் கார் இதழ்களின் கட்டு ஒன்றைப் பாஜி அங்கே எடைக்கு வாங்கினார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. படங்களைக் காட்டி என்னிடம் விளக்கம் கேட்டார்.

'ஹாட் ராட்' என்று அமெரிக்கர்கள் அழைக்கும் கார்கள் அவை. 1932-ம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம், எட்டு சிலிண்டர்கள் கொண்ட வி-8 என்ஜினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் உள்ள காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கார்கள் பழையதாகிக் கைமாறியபோது, தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, கூரையைத் தாழ்த்தி, என்ஜினை முடுக்கி, மூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். ஓட்டத்தின் வேகத்தை அளப்பதற்கென்றே 1937-ல் அங்கு ஒரு சங்கம் தோன்றியது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே இதழ் வெளியாயிற்று. தெருக்களில் நடந்துவந்த பந்தயங்களைப் பாதுகாப்பான ஓடுதளங்களுக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்துடன், 1951-ல் அந்த இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய அளவிலான அமைப்பைத் தொடங்கினார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பாஜி சொன்ன பதில் ஒரே வரிதான்: "இதைத்தான் என் மாமா மண்டி டப்வாலியில் செய்துகொண்டிருக்கிறார், பத்ரகார் ஜி."

அவர் சொன்னதில் மிகை இல்லை. ஹரியாணாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டியுள்ள சிற்றூர் மண்டி டப்வாலி. ராணுவம் ஏலத்தில் கழித்துவிடும் ஜீப்புகளின் பாகங்களைக் கொண்டு புதிதாகத் திறந்த ஜீப்புகளைக் கட்டித் தருவதில் நாடு முழுவதும் பெயர் பெற்ற ஊர் அது. ஒரு வண்டியின் அடிச்சட்டம், மற்றொரு வண்டியின் என்ஜின், மூன்றாவது வண்டியின் கியர் பெட்டி என்று சேர்த்து, நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஜீப்பை அங்கே உருவாக்கிவிடுவார்கள். பாஜி தமது 14-வது வயதில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றது அங்குதான்.

சொந்தக் காரின் கணக்கு

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடரைத் தயாரித்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரே ரூ.80 கோடிக்குப் பிரான்ஸின் பியூஜோ குழுமத்துக்கு விற்கப்பட்டது. என் போன்ற நாடாளுமன்றச் செய்தியாளர்களுக்கு அந்தக் கார் வெறும் வாகனம் அல்ல. கூட்டத்தொடர் நாள்களில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளை அம்பாசிடர்களால் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தைத் தாக்க வந்த பயங்கரவாதிகள், உள்துறை அமைச்சகத்தின் போலி வில்லை ஒட்டிய வெள்ளை அம்பாசிடரில் வந்ததற்கும் அதுவே காரணம். அங்கே அந்தக் காரை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் காரில் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைசக்தி. கியர் கம்பி, ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் இருக்கும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பின்புறம் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். 1990-களின் தொடக்கத்தில் வந்த அம்பாசிடர்களில் ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பிலான 1,817 சி.சி. என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் பொருத்தப்பட்டன. அதன் திறன் 75 குதிரைசக்தி. பழைய உடலுக்குள் இந்த என்ஜினை வைப்பது; முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவது; பட்டைகளில் இரண்டைக் குறைத்துப் பின்பகுதியைத் தாழ்த்துவது; கூரையை நான்கு அங்குலம் அறுத்து இறக்குவது. இதுவே எங்கள் திட்டம்.

என்ஜினைத் தேடி இரண்டு மாதம் அலைந்தோம். மீரட்டின் சோதிகஞ்ச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். "அங்கே என்ஜின் கிடைக்கும், ரசீது கிடைக்காது" என்று பாஜி மறுத்துவிட்டார். திருட்டு வாகனங்களின் பாகங்கள் விற்கப்படுவதாகப் பெயர்பெற்ற அந்தச் சந்தையை 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேச போலீஸார் மூடினர் என்பது நினைவிருக்கலாம். இறுதியில் மாயாபுரியிலேயே, முறைப்படி கழிக்கப்பட்ட கார் ஒன்றின் என்ஜினும் கியர் பெட்டியும் ரசீதுடன் கிடைத்தன.

ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு நான் பட்டறைக்குச் செல்வேன். எனக்குத் தரப்பட்ட வேலை, கழற்றிய மறைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, எந்த மறை எந்த இடத்துக்கு உரியது என்று தாளில் எழுதிக் கட்டி வைப்பது. எழுதுவது மட்டுமே உனக்குத் தெரிந்த வேலை என்பதை அவர் இவ்விதம் நாசூக்காகச் சொன்னார். செயின் பிளாக்கில் தொங்கவிட்டுப் பழைய என்ஜினை வெளியே எடுத்தோம். புதிய என்ஜின் உட்காருவதற்கான தாங்கிகளைப் பாஜி இரும்புத் தகட்டில் வெட்டி வெல்டிங் செய்தார். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் நீளம் பொருந்தவில்லை. அதை லேத் பட்டறையில் கொடுத்துக் குறைத்தோம். புதிய பெட்டியின் கியர் கம்பி தரையிலிருந்து மேலே வருவது. அதற்காகக் காரின் தரைத் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துளை வெட்ட வேண்டியிருந்தது. இந்தத் துளையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 2019 மே மாதத்தில் ஒரு மாலை, பட்டறை முற்றத்துக்குள்ளேயே அந்தக் கார் முப்பது அடி தூரம் ஓடியது. சந்திலிருந்த அத்தனை பேருக்கும் பாஜி ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

எழுதாமல் விட்ட பிரிவு

அடுத்து நடந்ததற்கு என் தொழிலும் ஒருவகையில் சாட்சி.

2019 ஜூலை 23-ல் மக்களவையிலும் ஜூலை 31-ல் மாநிலங்களவையிலும் மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. செய்தியாளர் மாடத்தில் நான் இருந்தேன். குடித்துவிட்டு வாகனம் ஓட்டினால் அபராதம் ரூ.10 ஆயிரம், உரிமம் இல்லாமல் ஓட்டினால் ரூ.5 ஆயிரம், சீட் பெல்ட் அணியாவிட்டால் ரூ.1,000 என்று நான் அனுப்பிய செய்தி முழுவதும் அபராதப் பட்டியலாக இருந்தது. மாநிலங்களின் அதிகாரத்தை மத்திய அரசு பறிக்கிறதா என்ற விவாதத்துக்கும் சில பத்திகள் ஒதுக்கினேன். அதே மசோதாவில் 182-ஏ என்றொரு புதிய பிரிவு இருந்தது. அனுமதிக்கப்படாத வகையில் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் நான்காவது உட்பிரிவு கூறுகிறது. அதைப்பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. மசோதாவின் பிரதி என் பையில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை.

இதற்கான அடிப்படை, 1988-ம் ஆண்டின் மூலச் சட்டத்திலேயே 52-வது பிரிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். என்ஜினை மாற்ற வேண்டுமானால் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோரடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இதை உறுதி செய்தது. மாநில விதிகளைக் காட்டி இந்தப் பிரிவை நீர்த்துப்போகச் செய்ய முடியாது என்பது அத் தீர்ப்பின் விளைவு. நாங்கள் மாயாபுரியில் என்ஜின் விலை பேசிக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில் வந்த தீர்ப்பு இது.

பாஜி சட்டத்துக்கு அஞ்சுபவர். ரசீதை எடுத்துக்கொண்டு, என்ஜின் மாற்றத்துக்கு அனுமதி கேட்டு உரிய அலுவலகத்துக்குச் சென்றார். அங்கிருந்த எழுத்தர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "சர்தார்ஜி, இந்தக் காரே தில்லியில் ஓடக்கூடாது. செத்துப்போன ஆளுக்கு இதய மாற்று சிகிச்சை கேட்கிறீர்களே?"

அவர் சொன்னதும் சட்டப்படி சரியே. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரிலும், 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015 ஏப்ரலிலும் உத்தரவிட்டது. அத்தகைய வாகனங்களின் பட்டியலை இணையதளத்தில் வெளியிடவும், சாலையில் கண்டால் பறிமுதல் செய்யவும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 29-ல் ஆணையிட்டது. ஆக, எங்கள் கார் சட்டத்தின் பார்வையில் இரண்டு முறை குற்றம் செய்திருந்தது. ஒன்று, வயதாகிவிட்டது. மற்றொன்று, இளமையாக முயன்றது.

வண்ணப்பூச்சுக்கு அடியில்

ஆனாலும் வேலையை நாங்கள் நிறுத்தவில்லை. தில்லியில் ஓட்ட முடியாவிட்டால் மாமாவின் ஊருக்குக் கொண்டுபோய் வயல் பாதையில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார் பாஜி. பெருந்தொற்றால் ஓராண்டு பட்டறை பூட்டிக் கிடந்தது. 2021 பிப்ரவரியில், கூரையை அறுப்பதற்கு முன்பாகப் பழைய வண்ணப்பூச்சை நீக்கத் தொடங்கினோம்.

மருந்து தடவிச் சுரண்டியபோது வெள்ளைக்கு அடியில் பட்டி தெரிந்தது. இடப்பக்கப் பின்கதவிலும் அதன் மேலுள்ள கூரையிலும் அந்தப் பட்டி அளவுக்கு மீறிய கனமாக இருந்தது. அதையும் சுரண்டியபோது தகடு நெளிந்து, நீலமும் கருமையும் கலந்த நிறத்தில் வெளிப்பட்டது. தகட்டில் அந்த நிறம் எப்போது வரும் என்று வெல்டிங் செய்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஜி சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குச் சென்று தாயாரை அழைத்து வந்தார்.

அந்த மூதாட்டி, கதவின் மீது கைவைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு சொன்னார். 1984 நவம்பர் முதல் வாரம். பாஜிக்கு அப்போது நான்கு வயது. காஷ்மீரி கேட்டில் தந்தை நடத்திவந்த உதிரிபாகக் கடை எரிக்கப்பட்டுவிட்ட செய்தி வந்திருந்தது. குடும்பத்தை எதிர்வீட்டு இந்துக் குடும்பம் தங்கள் வீட்டின் உள்ளறையில் வைத்துப் பூட்டியது. வாசலில் நின்ற கார் மீது கும்பல் மண்ணெண்ணெயை ஊற்றித் தீ வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அவர்கள் போனதும், எதிர்வீட்டுக்காரர் நனைத்த சாக்குகளைக் கொண்டுவந்து போட்டுத் தீயை அணைத்தார். அதற்கு அடுத்த வாரமே தந்தை தாமே பட்டி பூசி, வண்ணம் அடித்துவிட்டார். பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார். 2017-ல் இறக்கும்வரை அவரும் சொல்லவில்லை.

1984-ல் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர் என்பது அரசின் கணக்கு. நானாவதி ஆணையத்தின் அறிக்கை 2005 ஆகஸ்ட் 8 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மூன்று நாள்கள் கழித்து, மாநிலங்களவையில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் சீக்கியச் சமூகத்திடம் மட்டுமன்றி நாட்டு மக்கள் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டார். தில்லிக்கு வந்த புதிதில் நான் எழுதிய பெரிய செய்திகளில் அதுவும் ஒன்று. ஆணையம், அறிக்கை, விவாதம், மன்னிப்பு என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். பட்டிக்கு அடியில் மறைத்து வைக்கப்பட்ட ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

கூரையை அறுக்கும் யோசனையைப் பற்றி அதன்பின் எங்கள் இருவரில் யாரும் பேசவில்லை.

புதிய விதி, புதிய கேள்வி

அதே ஆண்டு ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வர்த்தகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாக அங்கீகரிக்கும் விதிகள் அவை. புதிதாகப் பதிவு செய்ய ரூ.20 ஆயிரம் கட்டணம், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். புதிய பதிவுகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி வரிசை உண்டு. ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பழைய கார்களின் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

தில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964-ம் ஆண்டு தொடங்கிய பழைய கார்களின் அணிவகுப்பு உண்டு. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களுக்கு நடுவே தம் தந்தையின் காரும் ஒருநாள் போக வேண்டும் என்ற எண்ணம் பாஜிக்கு அப்போது பிறந்தது. 2023 டிசம்பரில் காருக்கு 50 வயது நிறையும். காத்திருந்தால் போதும்.

ஆனால், அந்த விதிகளில் முக்கியமான நிபந்தனை ஒன்று இருந்தது. வாகனம் அதன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது.

இசுசு என்ஜினுக்காக அவர் செலவிட்ட தொகை, அதற்குச் செய்த தாங்கிகள், குறைத்த தண்டு, ஒன்றரை ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தும் ஒரே வரியில் வீணாயின. "நாம் கட்டிய காரை வைத்துக்கொள்ளலாம், அல்லது அப்பாவின் காரை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் கிடைக்காது போலிருக்கிறது" என்றார் பாஜி. நான் பதில் சொல்லவில்லை. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "அந்த மறைகளுக்கு நீங்கள் எழுதிக் கட்டிய தாள்கள் இருக்கின்றனவா, பத்ரகார் ஜி?"

இருந்தன. என் கையெழுத்து இந்த நாட்டுக்கு ஏதாவது பயன்பட்டது என்றால் அது அப்போதுதான்.

மீண்டும் இரண்டு ஆண்டு ஞாயிறுகள். பழைய என்ஜினின் சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்கள் போட்டோம். தேய்ந்துபோன கிராங்கைச் சாணை பிடித்தோம். காஷ்மீரி கேட் சந்தையில் அவருடைய தந்தையை அறிந்த வயதான வியாபாரி ஒருவர், ஸ்டியரிங் தண்டு கியருக்கான இணைப்புகளைப் பணம் வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். தரையில் வெட்டிய துளையை, கழிக்கப்பட்ட வேறொரு மார்க்-2 காரின் தகட்டைக் கொண்டு மூடி வெல்டிங் செய்தார் பாஜி. பின்கதவில் மட்டும் பட்டி பூசவில்லை. நெளிவை நிமிர்த்தாமல், துரு ஏறாதிருக்க ஒரு கை வண்ணம் மட்டும் அடித்தார்.

2024 தொடக்கத்தில் விண்ணப்பத்தை நிரப்பும்போது எங்களுக்குள் ஒரே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. செய்த மாற்றங்களைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் தரைத் துளையைப் பற்றி எழுதத் தேவையில்லை என்றேன் நான். அடைத்த இடம் கண்ணுக்கே தெரியாது. "முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு விஷயத்தை மேலே பூசி மறைத்தாயிற்று. இன்னொன்றை நான் மறைக்க மாட்டேன்" என்றார் பாஜி. வெட்டியதையும் மூடியதையும், என்ஜினை மாற்றியதையும் திருப்பி வைத்ததையும் தேதியுடன் எழுதச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன்.

வயதா, புகையா?

அந்த விண்ணப்பத்தின் மீது இன்னும் முடிவு வரவில்லை. இதற்கிடையில், தில்லியின் பழைய வாகனங்கள் பற்றிய கொள்கை பலமுறை திசைமாறிவிட்டது. வயது முடிந்த வாகனங்களுக்குத் தில்லியில் 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் கிடையாது என்று அறிவித்து, விற்பனை நிலையங்களில் எண்பலகையைப் படிக்கும் கேமராக்கள் வைக்கப்பட்டன. சுமார் 62 லட்சம் வாகனங்கள் இதற்குள் வரும் என்று கணக்கிடப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே வாரத்தில் அந்த உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. பழைய வாகன உரிமையாளர்கள் மீது வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை கூடாது என்று, அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஆகஸ்ட் 12-ல் இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு, பாரத் நிலை-4 மற்றும் அதற்குப் பிந்தைய புகைத் தரம் கொண்ட வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. நம் நாட்டில் வாகனப் புகைக்கு வரம்பு விதிக்கப்பட்டதே அந்தக் கார் வந்து வெகுகாலம் கழித்துத்தான். 1973-ம் ஆண்டுக் காருக்கு எந்தத் தரமும் கிடையாது.

தில்லியின் காற்று நஞ்சாகிவிட்டது என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. நவம்பர் மாதத்தில் இங்கு பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய என்ஜின் புகை கக்கும் என்பதைப் பாஜியே ஒப்புக்கொள்கிறார். "தினமும் ஓட்ட விடுங்கள் என்று நான் கேட்கவில்லை" என்கிறார். அவர் கேட்பது வேறு. ஒரு வாகனம் எவ்வளவு புகை விடுகிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே. ஆண்டுக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாத காரையும், நாள் முழுவதும் நகரைச் சுற்றும் வாகனத்தையும் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது நிர்வாகத்துக்கு எளிது. அது நியாயமா என்ற கேள்வியும் எளிதில் போய்விடாது.

மாற்றியமைத்தலுக்கும் இது பொருந்தும். கண்ட இடத்தில் வெட்டி ஒட்டிய வாகனம் ஓட்டுபவருக்கும் எதிரே வருபவருக்கும் ஆபத்து. 52-வது பிரிவு தேவையற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் டப்வாலியின் திறமை எந்தப் பரிசோதனைக்கும் உட்படாமல் சட்டத்துக்கு வெளியே நிற்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடவில்லை. தெருவில் கார் ஓட்டிய இளைஞர்களை ஓடுதளத்துக்கு அழைத்துச் சென்று, விதி வகுத்து, பரிசோதித்து ஓடவிட்டது 1951-ன் அமெரிக்கா. அப்படி ஒரு வழி இங்கே இன்னும் அகலத் திறக்கவில்லை. இதுபற்றி நாடாளுமன்றத்தில் விரிவான விவாதம் நடக்குமானால், இம்முறை மசோதாவின் எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டுச் செய்தி அனுப்புவதாக உறுதியளிக்கிறேன்.

கடந்த ஞாயிறன்று பட்டறைக்குச் சென்றிருந்தேன். இசுசு என்ஜின் ஒரு மூலையில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. டப்வாலி மாமா அதற்கு நல்ல விலை சொல்கிறாராம். இன்னும் கொடுக்க மனம் வரவில்லை. பாட்டரி இறங்கிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை அம்பாசிடரைக் கிளப்பிவிடுவது வழக்கம். பாஜியின் தாயார் அன்று உடன் வந்திருந்தார். முன் இருக்கையில் உட்காரச் சொன்னதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடப்பக்கப் பின்கதவைத் தாமே திறந்து ஏறி அமர்ந்தார். என்ஜின் பத்து நிமிடம் ஓடியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.